ஜப்பானிய சூப்பர் ஹீரோ தொடர்கள்: வெளிநாட்டில் இருந்து முறையாகப் பார்க்க வழி உண்டா?

சிவப்புச்சால்வை:
ஜெடிக்ஸ் காலத்துப் பிள்ளை நான். டூன் டிஸ்னியில் தமிழ் பேசிய பவர் ரேஞ்சர்ஸைப் பார்த்து வளர்ந்தவன். அதன் எஸ்.பி.டி. வரிசையில் பார்த்த சண்டைகள் பெரும்பாலும் 2004-இல் ஜப்பானில் வந்த 'டெகாரேஞ்சர்' தொடருடையவை, மிஸ்டிக் ஃபோர்ஸ் அதற்கு அடுத்த வருடத்து 'மாஜிரேஞ்சர்' என்பதெல்லாம் வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது. இப்போது மூலத்தையே பார்க்க ஆசை. பவர் ரேஞ்சர்ஸுக்கு மூலமான வண்ண அணிக் கதை சென்டாய், முகமூடி ஹீரோ கமென் ரைடர், ராட்சத ஹீரோ அல்ட்ராமேன் எதுவானாலும் சரி. காசு கட்டத் தயார், எங்கே கட்டுவது என்றுதான் தெரியவில்லை. எந்தத் தளத்தில் தேடினாலும் "உங்கள் நாட்டில் கிடைக்காது" என்றே வருகிறது. இந்தியாவில் இருந்து பார்க்கிறவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

கோவை_கைஜூ:
முதலில் அல்ட்ராமேனில் இறங்குங்கள் தம்பி, காசே வேண்டாம். சுபுராயா நிறுவனத்தின் அதிகாரப்பூர்வ யூடியூப் சேனலில் புதுத் தொடர் ஜப்பானில் ஒளிபரப்பாகும் அதே சனிக்கிழமை ஆங்கில சப்டைட்டிலோடு வந்துவிடும். 2020-இல் 'அல்ட்ராமேன் இஸட்', பிறகு டிரிகர், டெக்கர், பிளேசர், ஆர்க், ஒமேகா என்று வருடம் தவறாமல் வந்தன. ஒன்றுதான் கவனம்: எபிசோட் நிரந்தரமாக இருக்காது. கொஞ்ச நாளில் எடுத்துவிடுவார்கள். பொங்கலுக்குச் சேர்த்து வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் கோவிந்தா.

ரைடர் வேண்டுமென்றால் பிரைம் வீடியோவில் தேடுங்கள். 'கமென் ரைடர் பிளாக் சன்' 2022 அக்டோபரில் உலகம் முழுக்க ஒரே நாளில் வந்தது, மொத்தம் 10 எபிசோட். ஹிதேக்கி அன்னோ எடுத்த 'ஷின் கமென் ரைடர்' படமும் 2023 ஜூலையில் அதே தளத்தில் ஜப்பானுக்கு வெளியே வந்தது. பக்கத்தில் சின்னப் பிள்ளைகளை உட்கார வைத்து பிளாக் சன் போட்டுவிடாதீர்கள். ரத்தம், கை கால் துண்டாவது எல்லாம் உண்டு. முகமூடி ஹீரோ என்றதும் குழந்தைகள் படம் என்று நினைத்த என் மச்சான் வீட்டில் அன்று பெரிய ரகளை.

லியோபார்டான்78:
சுபுராயாவுக்கு ஒரு கும்பிடு. டோயெய் மட்டும் ஏன் இப்படி? ரைடரும் சென்டாயும் அவர்கள் கையில்தான். பழைய தொடர் முழுக்கக் கிடைக்கும் அவர்களுடைய ரசிகர் மன்றச் செயலி ஜப்பானுக்கு உள்ளே மட்டும்தான்.

2020 ஏப்ரலில் உலக ரசிகர்களுக்கென்று ஒரு யூடியூப் சேனல் திறந்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? 70 பழைய தொடர்கள்! துள்ளிக் குதித்துப் போய்ப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் முதல் 2 எபிசோட். பந்தியில் உட்கார வைத்து உப்பும் ஊறுகாயும் மட்டும் வைத்துவிட்டுப் போன மாதிரி. சப்டைட்டிலை ரசிகர்களே போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். அதே வருடம் செப்டம்பரில் யூடியூப் அந்த வசதியையே தூக்கிவிட்டது. வெளிநாட்டு ரசிகன் என்றால் அவர்களுக்கு அவ்வளவு இளக்காரம்.

மெட்டல்_மாமா:
கோபம் நியாயம்தான். ஆனால் டோயெய் என்றைக்குமே கதவைச் சாத்தி வைத்திருந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒரு காலத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் விற்ற கம்பெனி அது.

ஹவாயில் 1974-இலேயே கிக்கு என்ற உள்ளூர் சேனல் 'கிகாய்டர்' தொடரை ஆங்கில சப்டைட்டிலோடு போட்டது. அங்கே இருந்த ஜப்பானிய வம்சாவளிக் குடும்பங்களைத் தாண்டி ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் அது பைத்தியமாகிவிட்டது. இன்று தாத்தா பாட்டி ஆனவர்கள்கூட அங்கே 'கிகாய்டர் தலைமுறை' என்று தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள். பிரான்ஸில் 80-களில் 'காவன்' தொடர் 'எக்ஸ்-ஓர்' என்ற பெயரில் ஓடியது, 'பயோமேன்' அங்கே வீட்டுப் பெயர் ஆனது. பிலிப்பைன்ஸில் ஷைடர், பயோமேன், மாஸ்க்மேன். பிரேசில்தான் உச்சம். ரெடே மாஞ்செட்டி சேனலில் ஜாஸ்பியனும் சேஞ்ச்மேனும் 1988-இல் கிளப்பிய அலை இன்னும் ஓயவில்லை. ஜப்பானில் சுமாராக ஓடிய ஜாஸ்பியன் அங்கே ஒரு தலைமுறைக்கே நாயகன்.

கவனித்துப் பாருங்கள், எல்லாம் 93-க்கு முந்தைய கதை. 1993 ஆகஸ்டில் ஹயிம் சாபன் 'மைட்டி மார்ஃபின் பவர் ரேஞ்சர்ஸ்' கொண்டுவந்தார். 'ஜூரேஞ்சர்' என்ற சென்டாய் தொடரின் சண்டைக் காட்சிகளோடு அமெரிக்க நடிகர்களை ஒட்டி எடுத்தது. அது கொட்டிய பணத்துக்கு முன்னால் மூலத் தொடரை நாடு நாடாகப் போய் விற்பது சில்லறை வியாபாரம். ஒரே கதையின் இரண்டு வடிவம் ஒரே சந்தையில் இருந்தால் பொம்மை வியாபாரம் குழம்பும் என்ற கணக்கும் இருந்திருக்கும். அப்புறம் என்ன, ஜூரேஞ்சர் வட அமெரிக்காவில் முறையாக டிவிடியாக வருவதற்கு 2015 ஆனது. ஷவுட் ஃபேக்டரி என்ற அமெரிக்க டிஸ்க் கம்பெனி போட்டது, அதுவும் பவர் ரேஞ்சர்ஸ் உரிமைக்காரர் சம்மதத்தோடு.

லியோபார்டான்78:
> ஒரே கதையின் இரண்டு வடிவம் ஒரே சந்தையில் இருந்தால்

சென்டாய்க்கு இது சரி மாமா. ரைடருக்கு? சாபன் ரைடரில் கை வைத்தது ஒரே தடவை. 'பிளாக் ஆர்எக்ஸ்' என்ற ரைடர் தொடரை வெட்டி ஒட்டி 1995-இல் 'மாஸ்க்ட் ரைடர்'. அதோடு சரி. 2000-இல் வந்த 'கூகா' ரைடர் தொடரில் தொடங்கி இருபது வருடம் ரைடரையும் பூட்டி வைத்தார்களே, அதற்கு எந்த ஒப்பந்தம் தடை?

மெட்டல்_மாமா:
நல்ல கேள்வி. ரைடர் விஷயத்தில் தடை வேறு வகை. ஒரு தொடர் என்பது ஒரு கம்பெனியின் சொத்து இல்லை. டிவி அசாஹி, டோயெய், விளம்பர நிறுவனமான ஏடிகே மூன்றும் சேர்ந்து தயாரிக்கின்றன. பொம்மை பண்டாயுடையது. ரைடரை உருவாக்கிய ஓவியர் இஷினோமோரியின் தரப்பு தனி. நடிகர்களின் ஏஜென்சிகள் தனி. பாட்டு வேறொரு கம்பெனி. வெளிநாட்டில் ஒரு எபிசோடைப் போட வேண்டுமென்றால் இத்தனை பேரும் தலையாட்ட வேண்டும். 2000-இல் ஒப்பந்தம் எழுதியபோது இணையத்தில் உலகம் முழுக்க ஓடும் என்று யார் நினைத்தார்கள்?

இன்னொன்று, இந்தத் தொடர்களின் வரும்படி பெல்ட்டிலும் ரோபோவிலும்தான். பொம்மை விற்காத நாட்டில் தொடரை மட்டும் போட்டு என்ன லாபம் என்பதே அவர்கள் கேள்வி. அமெரிக்காவில் முயற்சி செய்யாமலும் இல்லை. 'ரியூகி' தொடரை வைத்து 2009-இல் 'டிராகன் நைட்' எடுத்தார்கள். சண்டைக் காட்சிகளுக்கு டேடைம் எம்மி விருதுகூட வாங்கியது. ஆனால் கடைசி எபிசோடுகள் அங்கே டிவியில் வராமலே போயின. அந்தச் சூட்டுக்குப் பிறகு யார் துணிவார்கள்?

ஈப்போ_அல்ட்ரா:
மாமா சொன்ன இந்தப் 'பல கை' தொல்லை அல்ட்ராமேனுக்கும் உண்டு. 'அல்ட்ராமேன் டிகா' தொடரின் கதாநாயகன் ஹிரோஷி நாகானோ வி6 பாட்டுக் குழுவில் இருந்தவர், ஆரம்பப் பாட்டும் அவர்கள் பாடியது. அவர்களுடைய ஏஜென்சி இணையத்தில் தங்கள் ஆட்களின் புகைப்படம் வருவதையே நெடுநாள் விரும்பாத இடமாக இருந்தது. அப்படிப்பட்டவர்களிடம் உரிமை கேட்டுப் போவது லேசான வேலையாக இருந்திருக்குமா?

எங்கள் மலேசியாவில் அல்ட்ராமேன் வீட்டுப் பிள்ளை. உப்பின் இப்பின் கார்ட்டூனிலேயே அல்ட்ராமேன் ரிபுட் என்று ஒருவர் உண்டு. அதனால் சுபுராயா எப்போதும் தாராளம் என்று இங்கே பலர் நினைக்கிறார்கள். கிடையாது. அவர்கள் இருபது வருடத்துக்கு மேல் கோர்ட் வாசலில் கிடந்தவர்கள். அந்தக் கதை இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்?

சிவப்புச்சால்வை:
எனக்குத் தெரியாது அண்ணே. சொல்லுங்கள்.

ஈப்போ_அல்ட்ரா:
நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தாய்லாந்தில் சையோ என்று ஒரு படக் கம்பெனி. நடத்தியவர் சோம்போட். ஜப்பானுக்குப் போய், சுபுராயா நிறுவனத்தைத் தொடங்கிய எய்ஜி சுபுராயாவிடமே தொழில் பார்த்தவர். 1974-இல் சுபுராயாவும் சையோவும் சேர்ந்து ஒரு படம் எடுத்தார்கள். அல்ட்ரா சகோதரர்களும் நம்ம ஆஞ்சநேயரும் சேர்ந்து அரக்கக் கூட்டத்தை அடிக்கிற படம். விளையாட்டு இல்லை, நிஜம். தாய்லாந்தில் ராமாயணம் ஊறிப்போன ஊர் என்பதால் அனுமார்தான் நாயகன். கோயில் புத்தர் சிலையைத் திருடியவர்களை அவர் விரட்டிப் பிடித்து நசுக்கும் காட்சியைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

எய்ஜியின் மகன் நொபோரு சுபுராயா 1995-இல் இறந்தார். அதற்குப் பிறகு சோம்போட் ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். 1976-இல் நொபோரு கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம், அல்ட்ரா க்யூவில் தொடங்கி டாரோ வரை உள்ள பழைய தொடர்களுக்கு ஜப்பானுக்கு வெளியே எல்லா உரிமையும் எனக்கே என்றார். ஒரே ஒரு தாள். அதில் கம்பெனி பெயரே தப்பு என்று சுபுராயா தரப்பு சொன்னது. இல்லை, அசல்தான் என்றது சையோ தரப்பு.

இனிமேல்தான் கூத்து. ஜப்பான் உச்ச நீதிமன்றம் 2004-இல் ஒப்பந்தம் செல்லும் என்ற முடிவை மாற்றவில்லை. தாய்லாந்து உச்ச நீதிமன்றம் 2008-இல் சுபுராயா பக்கம் தீர்ப்பு சொன்னது. ஜப்பான் கம்பெனிக்குத் தாய்லாந்தில் ஜெயம், தாய்லாந்துக்காரருக்கு ஜப்பானில் ஜெயம்! சீனாவில் தீர்ப்பு மறுபடி சுபுராயாவுக்கு எதிராக. கடைசியில் கலிஃபோர்னியாவில் வழக்கு போனது. அங்கே பழைய காகிதங்களையெல்லாம் தோண்டி எடுக்க வைத்தார்கள். 2017 நவம்பரில் ஜூரி அந்த ஒப்பந்தம் உண்மையானது இல்லை என்று சொன்னது. 2019 டிசம்பரில் மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது.

இப்போது தேதிகளைப் பாருங்கள். 2019 ஜூலையில் மில் கிரீக் கம்பெனி அல்ட்ரா தொடர்களை அமெரிக்காவில் ப்ளூரே போடப்போவதாக அறிவித்தது. அக்டோபரில் அல்ட்ரா க்யூவும் 1966 அல்ட்ராமேனும் கடைக்கு வந்தன. அடுத்த வருடம் 'இஸட்' யூடியூபில். அப்புறம் நெட்ஃப்ளிக்ஸில் 'அல்ட்ராமேன்: ரைசிங்', 2024-இல். பழைய சொத்துக்குப் பட்டா கையில் வந்ததும் கடையைப் பெரிதாகத் திறந்தார்கள். கோர்ட்டில் இருந்த காலத்திலும் புதுத் தொடர்களை க்ரஞ்சிரோல் என்ற இணையத் தளத்துக்குக் கொடுத்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், 2015-இன் 'எக்ஸ்' அப்படித்தான் வந்தது. ஆனால் தகராறில் இருந்த பழையவற்றை நம்பி வாங்க எந்த வெளிநாட்டுக் கம்பெனி வரும்?

கோவை_கைஜூ:
அனுமார் படம் தெரியும், இந்த வழக்கு இவ்வளவு முறுக்கு என்று தெரியாது. அருமை அண்ணே.

மில் கிரீக் டிஸ்க் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. அமெரிக்க ப்ளூரேக்களில் பல 'ஏ' மண்டலப் பூட்டோடு வரும். இந்தியா 'சி' மண்டலம். மலேசியா, சிங்கப்பூர், ஜப்பான், அமெரிக்கா எல்லாம் 'ஏ'. டிவிடியிலும் அமெரிக்கா 1, நாம் 5. ஈப்போ அண்ணன் வீட்டில் ஓடும் ப்ளூரே இங்கே ஓடாமல் போகலாம். எல்லா மண்டலமும் ஓடும் பிளேயர் இல்லாமல் டிஸ்க் வாங்காதீர்கள். விற்கிறவர்கள் "எல்லா பிளேயரிலும் ஓடும்" என்று போட்டிருப்பார்கள், பெட்டியின் பின்பக்கப் படத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். சுங்க வரி வேறு தனி.

பெல்ட்டு_பாண்டி:
இவ்வளவு சுத்து எதற்கு? ரசிகர்கள் சப்டைட்டில் போட்டது எல்லாம் கிடைக்கிறது. இருபது வருடமாக இந்த உலகத்தை வெளிநாட்டில் உயிரோடு வைத்திருந்ததே அவர்கள்தான். ஞாயிற்றுக்கிழமை காலை ஜப்பானில் ஓடியதை இரண்டு நாளில் மொழிபெயர்த்துப் போட்டார்கள், ஒரு பைசா வாங்காமல். கம்பெனி தராததை எடுத்துப் பார்ப்பதில் என்ன தப்பு?

நெறியாளர்:
பேசலாம். இணைப்பு கொடுக்கக் கூடாது. கொடுத்த இரண்டு பதிவுகளை நீக்கிவிட்டேன்.

மெட்டல்_மாமா:
பாண்டி, நீங்கள் சொல்வதில் பாதி எனக்குச் சம்மதம். அவர்கள் இல்லையென்றால் கூகாவில் ஜோ ஒடாகிரி நடித்ததே நமக்குத் தெரிந்திருக்காது. பிற்பாடு ஷவுட் கூகாவைப் போட்டபோது வாங்க ஆள் இருந்ததற்கும் அந்தப் பழைய சப்டைட்டில்தான் காரணம். ஆனால் முறையாகக் கிடைக்கும்போதும் அதையே பிடித்துக்கொண்டு இருந்தால் எப்படி? நம் நாட்டிலிருந்து எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கு காட்ட வேறு என்ன இருக்கிறது?

பெல்ட்டு_பாண்டி:
"முறையாகக் கிடைக்கும்போது" என்கிறீர்கள். கிடைப்பது அமெரிக்காக்காரனுக்கு. ஷவுட்டின் டோக்கு சேனல் 2020 மார்ச்சிலேயே புளூட்டோ டிவியில் வந்துவிட்டது, இலவசமாக. இங்கே திறந்தால் என்ன வருகிறது? அதே "உங்கள் நாட்டில் கிடைக்காது". நான் கணக்கில் வர ஆசைப்பட்டாலும் வர விட மாட்டேன் என்கிறார்களே!

மெட்டல்_மாமா:
அது உண்மை. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

லியோபார்டான்78:
இதையெல்லாம்விட வயிற்றெரிச்சல் சென்டாய். 1975-இல் கோரேஞ்சரில் தொடங்கியது. ஹாஸ்ப்ரோ 2018-இல் பவர் ரேஞ்சர்ஸை 52 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. 2023-இல் நெட்ஃப்ளிக்ஸில் 'காஸ்மிக் ஃப்யூரி' வந்ததோடு அந்தத் தொடர் வண்டி நின்றது. சரி, குறுக்கே நின்ற ஆள் ஓரமாகப் போய்விட்டார், இனி மூலத் தொடர் உலகம் சுற்றும் என்று பார்த்தால், ஐம்பதாம் ஆண்டுத் தொடரான கோஜூஜரோடு சென்டாய்க்கே இடைவேளை. அந்த இடத்தில் 'ப்ராஜெக்ட் ரெட்' என்ற புது வரிசை, அதில் முதலாவது 'காவன் இன்ஃபினிட்டி'. முப்பது வருடம் கதவு திறக்கக் காத்திருந்தோம். திறந்து பார்த்தால் வீட்டில் ஆள் இல்லை.

கோவை_கைஜூ:
சென்டாய் நின்றதற்கு வெளிநாடு காரணம் இல்லை. ஜப்பானிலேயே பொம்மை விற்பனையில் ரைடருக்கும் அதற்கும் ஏணி வைத்தாலும் எட்டாது, பண்டாய் வெளியிடும் கணக்கிலேயே தெரியும். வருடா வருடம் ஐந்து ஹீரோ, நாலைந்து ரோபோ, புது செட் என்று செலவு மட்டும் குறையாது.

லியோபார்டான்78:
காரணம் இல்லைதான். ஆனால் வெளிநாட்டு வரும்படி என்று ஒன்று இருந்திருந்தால் கணக்கே வேறாக இருந்திருக்குமே. அல்ட்ராமேனும் ஒரு காலத்தில் கடனில் முங்கிய கம்பெனிதானே. சீனாவில் டிகா பிடித்த பிடியைப் பாருங்கள். 2021 செப்டம்பரில் அங்கே தளங்களிலிருந்து டிகாவைத் திடீரென்று தூக்கியபோது ஊரே கத்தியது. சில நாளில் சில எபிசோடுகளை வெட்டிவிட்டுத் திருப்பிப் போட்டார்கள். வெளியூரில் அந்த மாதிரி ஒரு கூட்டத்தைச் சென்டாய்க்குச் சேர்க்க முடியாமல் போனது யார் குற்றம்? பிரான்ஸிலும் பிரேசிலிலும் சேர்ந்த கூட்டத்தைக் கைவிட்டவர்கள்தானே!

மெட்டல்_மாமா:
இதில் நான் உங்கள் கட்சி. பவர் ரேஞ்சர்ஸ் பணம் எளிதாக வந்தது. எளிதாக வந்ததால் சொந்தக் கடை போடும் பழக்கமே விட்டுப்போனது. சுபுராயாவுக்கு அந்த வசதி இல்லை, தானே தெருவில் இறங்கி விற்க வேண்டியிருந்தது.

ஆனால் டோயெய் இப்போது அசைந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 7-இல் தொடங்கிய ரைடர் 'ஸெட்ஸ்' ஜப்பானில் வரும் நாளிலேயே வெளிநாட்டுக்கும் என்று அறிவித்து வந்தது. அமெரிக்காவில் ஷவுட் வழியாக. 1971-இல் தொடங்கிய வரிசை, இதைச் செய்ய அரை நூற்றாண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டார்கள். தாமதம்தான், ஆனால் கதையிலேயே அது தெரிகிறது. உளவாளி ஆசை உள்ள நாயகன், கனவுக்குள் நுழைகிற வேலை. பழைய ரைடர் எதையும் பார்த்திருக்க வேண்டியதில்லை, எந்த ஊர்க்காரனும் உள்ளே வரலாம்.

பெல்ட்டு_பாண்டி:
பெல்ட்டு சத்தம்கூட ஆங்கிலத்தில்தான் கத்துகிறது. அது எப்போதும் அப்படித்தான் என்றாலும்.

சிவப்புச்சால்வை:
எல்லாருக்கும் நன்றி. கேட்டது ஒன்று, கிடைத்தது ஒரு வரலாறு. கடைசியாக ஒரு சந்தேகம். அக்கா மகனுக்கு ஏழு வயது, அவனோடு சேர்ந்து பார்க்க வேண்டும். பிளாக் சன் வேண்டாம் என்று புரிந்தது. இஸட்டா, பிளேசரா?

கோவை_கைஜூ:
இஸட். யோசிக்கவே வேண்டாம். செவெஞ்சர் என்ற தகர டப்பா ரோபோ வந்து நிற்கும் முதல் எபிசோடிலேயே பையன் விழுந்துவிடுவான்.

ஈப்போ_அல்ட்ரா:
இஸட்டில் வரும் பழைய அல்ட்ராமேன்களில் ஸீரோ யார், கீட் யார் என்று பையன் கேட்டுக்கொண்டே இருப்பான், நீங்கள் ஐந்து தொடர் கதை சொல்ல வேண்டி வரும். பிளேசர் தனிக் கதை. இரண்டையும் எடுத்தவர் ஒரே ஆள், கியோடாக்கா தகுச்சி, அதனால் ராட்சதச் சண்டைக்குக் குறைவில்லை. நாயகனே படைத் தலைவர், பிள்ளை குட்டிக்காரர். பிளேசர் பேசவே மாட்டார், உறுமுவார், ஈட்டி எறிவார். சப்டைட்டில் படிக்கத் தெரியாத வயசுக்கு அதுதான் நல்லது.

கோவை_கைஜூ:
அண்ணே, படைக்குள் நடக்கும் ரகசியம், மேலதிகாரி, பழைய கோப்பு என்று பிளேசர் பாதி நேரம் ஆபீஸ் பேச்சு. ஏழு வயதுக்குத் தூக்கம் வரும்.

ஈப்போ_அல்ட்ரா:
என் தம்பி மகனுக்கு ஆறு. தூங்கவில்லை. வீட்டுத் துடைப்பக் கட்டைதான் ஈட்டியாகிப் போனது.

பெல்ட்டு_பாண்டி:
இரண்டும் இப்போது சேனலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்புறம் சண்டை போடலாம்.

சிவப்புச்சால்வை:
பார்த்தேன். இப்போது எது ஓடுகிறதோ அதிலேயே தொடங்கிவிடுகிறேன். சனிக்கிழமை காலை எழுப்பினால் அவன் எழுவானா என்பதுதான் சந்தேகம்.

மெட்டல்_மாமா:
சனிக்கிழமைக்கே இப்படியா? ரைடர் ஜப்பானில் ஞாயிறு காலை 9 மணிக்கு. நம் நேரம் 5:30.